வெப்பத்தின் கணக்கும் கணக்கின் எல்லையும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

கட்டடமொன்று ‘பசுமைக் கட்டடம்’ எனச் சான்று பெறுவது இன்று கொழும்பிலும் சென்னையிலும் அதன் வாடகையையும் விலையையும் நிர்ணயிக்கும் காரணிகளுள் ஒன்றாகிவிட்டது. அச்சான்று பெரும்பாலும் ஒரு கணக்கின் முடிவாகும். கட்டடம் ஓராண்டு முழுவதும் எவ்வளவு வெப்பத்தை உள்வாங்கும், அதனை வெளியேற்ற எவ்வளவு சக்தி செலவாகும் என்பதைக் கணினியில் மாதிரி அமைத்துக் கணிக்கின்றனர். பின்னர் அதனை ஓர் ஒப்பீட்டுக் கட்டடத்தின் கணக்கோடு அருகருகே வைத்து நோக்கிப் புள்ளி வழங்குகின்றனர். இக்கட்டுரை அக்கணக்கின் நுட்பத்தை விளக்குவதோடு நில்லாது, அதன் எல்லை எங்கே வரையப்படுகின்றது, அவ்வாறு வரையப்படுவதால் யார் கணக்குக்கு வெளியே நிற்க நேர்கின்றது என்பதனை வரலாற்று நோக்கில் ஆராய முனைகின்றது.

புத்தள மாவட்டக் கரையோரம் இவ்வாய்வுக்குரிய களமாகத் தெரிந்தெடுக்கப்பட்டமைக்குக் காரணமுண்டு. இலங்கையின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் உற்பத்தியாகின்றது. (அம்பாறை மாவட்டத்திலும் நுரைச்சோலை என்ற பெயரில் ஓரிடம் உண்டு, இங்கு குறிக்கப்படுவது அதுவன்று.) கொழும்பின் கண்ணாடி மாளிகைகளுள் வீசும் குளிர்காற்றின் மறுபக்கம் இக்கரையிலே கடலிற் கலக்கின்றது. ஒரே நிகழ்வின் இரு முனைகளான இவை ஒரே ஏட்டில் ஒருபோதும் எழுதப்படுவதில்லை.

இலக்கிய மாணவன் ஒருவன் இத்துறையிற் புகுவது வியப்பாகத் தோன்றலாம். ஆயின், சான்றிதழ் என்பதும் ஒரு பனுவலே. எதனைக் கூறுவது, எதனைக் கூறாது விடுவது, எவரைப் பாத்திரமாக்குவது, எவரைப் பின்னணியில் நிறுத்துவது என்ற தெரிவுகள் அதற்கும் உள. நாவலொன்றில் வேலைக்காரர் பெயரின்றி வந்து போவதைச் சுட்டிக்காட்டும் திறனாய்வாளன், சக்திக் கணக்கொன்றில் ஒரு கடற்கரையே பெயரின்றிப் போவதைக் காணாது விடல் முறையாகாது.

2

புத்தளக் கரையின் பொருளாதார வரலாற்றை வெப்பத்தின் வரலாறாகவும் எழுதலாம். 1344இல் இப்னு பத்தூத்தா வந்திறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்ட துறை இக்கரையிலேயே இருந்தது. அவர் கண்டு வியந்தவை கறுவாவும் முத்தும். எனினும் இம்மண்ணின் நிலையான விளைபொருள் உப்பு ஆகும். நெய்தல் நிலத்து உப்பையும் அதனை வண்டியேற்றிச் சென்ற உமணரையும் பண்டைத் தமிழிலக்கியம் அறியும். புத்தளத்து உப்பளங்களும் அதே தொழிலின் நீட்சியே. கடனீரேரியின் ஆழமற்ற நீர், ஆண்டின் நீண்ட வறட்சிக் காலம், ஓயாத காற்று ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தமையால் இங்கு உப்பு விளைந்தது. ஒல்லாந்தரும் பின்னர் பிரித்தானியரும் உப்பு வணிகத்தைத் தம் பிடியில் வைத்திருந்தனர். பிரித்தானியர் காலத்தில் அது அரசின் ஏகபோகமாக விளங்கி, வருவாயின் முக்கிய மூலங்களுள் ஒன்றாயிற்று. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860) 1834இல் வெளியிட்ட இலங்கை இடவிவரண நூலை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் ஆங்கிலத்திற் தொகுத்தளித்த அதே கைதான் இத்தீவின் இடங்களையும் விளைபொருள்களையும் அகரவரிசைப்படுத்தியது. நிருவாகக் கணக்கெடுப்பும் இலக்கியத் தொகுப்பும் ஒரே காலனித்துவச் சூழலின் இரு வெளிப்பாடுகள் என்பது நோக்கற்பாலது.

உப்பளத்தில் நடைபெறுவது யாது? கடல்நீரின் ஒரு தொன்னில் உணவுப்பு ஏறத்தாழ 27 கிலோகிராம் மட்டுமே உண்டு. ஒரு தொன் உப்பு எடுக்க வேண்டுமாயின் 36 தொன் அளவில் நீர் ஆவியாக வேண்டும். அவ்வளவு நீரை ஆவியாக்கும் வெப்பத்தை மின்சார அலகிற் கூறினால் அது 24,000 அலகுக்குக் குறையாது. இன்றைய சிறு வீடொன்று இருபதாண்டிலும் செலவிடாத சக்தி இது. இதனை வெயில் தருகின்றது. உப்பின் விலையில் வெயிலுக்குக் கூலி இல்லை; பாத்தி கட்டி, வாய்க்கால் திறந்து, உப்பை வாரிக் குவித்த கைகளுக்குக் கொடுபட்ட சொற்பக் கூலியே உண்டு. இயற்கையின் ஆற்றல்களை மூலதனம் விலையின்றித் தனதாக்கிக் கொள்ளும் விதத்தை மார்க்ஸ் பல இடங்களிற் சுட்டியிருக்கின்றார். ஆயினும் உப்பளத்தின் வெப்பத்துக்கும் அதன் பின் இக்கரைக்கு வந்த வெப்பங்களுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. வெயில் எவரது கடலையும் சூடாக்கி விட்டுச் செல்வதில்லை. எவரது கூரையிலும் சாம்பலைக் கொட்டுவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது சீமெந்துச் சூளையின் வெப்பம். அருவக்காட்டுச் சுண்ணாம்புக் கல்லைத் தனி இரயிற் பாதை மூலம் கொணர்ந்து, 1,450 பாகை செல்சியஸ் அளவில் எரிக்கும் புத்தளத் தொழிற்சாலை அரசுக் கூட்டுத்தாபனத்தின் முயற்சியாகத் தொடங்கிற்று. சுதந்திரத்துக்குப் பிந்திய இறக்குமதிப் பதிலீட்டுக் கொள்கையின் குழந்தை அது. 1977க்குப் பிந்திய தாராளமயக் கொள்கையின் தொடர்ச்சியாகத் தனியாருக்குக் கைமாறிப் பின்னர் பன்னாட்டு நிறுவனங்களின் உடைமையாயிற்று. நாடு முழுவதும் எழுந்த கட்டடங்களின் கணிசமான பகுதி இச்சூளையிற் பிறந்தது எனலாம்.

3

நகரொன்றின் வெப்பத்தையும் குளிரையும் ஒரு மையத்தில் ஆக்கிக் குழாய்வழி வீடுதோறும் அனுப்பும் முறைக்கு நூற்றைம்பது ஆண்டு வரலாறு உண்டு. 1877இல் நியூயோர்க் மாநிலத்து லொக்போர்ட் என்ற ஊரில் பேர்ட்சில் ஹொலி என்பார் ஒரு கொதிகலனிலிருந்து அயல் வீடுகளுக்கு நீராவி அனுப்பினார். 1882இல் நியூயோர்க் நகரில் அதுவே பெருந்தொழிலாயிற்று. குளிரை இவ்வாறு குழாயில் அனுப்பும் முயற்சி 1889இல் டென்வர் நகரில் நிகழ்ந்தது. அலுவலகக் கட்டடங்களுக்கு வணிகமுறையிற் குளிர்நீர் வழங்கும் நிலையம் 1962இல் ஹாட்போர்ட் நகரில் அமைந்தது. இந்தியாவில் காந்திநகருக்கு அண்மையில் எழுந்த கிஃப்ட் நகரில் இத்தகைய மையக் குளிரூட்டு நிலையம் இப்போது இயங்குகின்றது. இவற்றை ‘வட்டாரக் குளிரூட்டல்’ என இக்கட்டுரையில் வழங்குகின்றோம். ஆங்கிலத்தில் இதற்குரிய சொல், நிருவாக மாவட்டத்தையும் குறிக்கும் அதே சொல்லாகும். புத்தள ‘மாவட்டம்’ பற்றி எழுதும்போது இச்சொல் ஒற்றுமை தற்செயலானதே. ஆயினும் பொருள் பொதிந்த தற்செயல்.

குளிர் ஒரு மையத்திலிருந்து விலைப்பண்டமாக விநியோகிக்கப்பட்டமைக்குத் தமிழ் நாட்டிலேயே பழைய சான்று உளது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம் 1842இல் பனிக்கட்டிக் கிடங்காக எழுப்பப்பட்டது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளங்களில் மாரிகாலத்தில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றி, 1833 முதல் கல்கத்தாவுக்கும் பின்னர் சென்னைக்கும் அனுப்பியவர் பிரெடரிக் டியூடர் என்ற வணிகர். அப்பனிக்கட்டி துரைமாரின் மதுக்கிண்ணத்துக்கும் காய்ச்சற்கார வெள்ளையரின் நெற்றிக்கும் போயிற்று. அதனைச் சுமந்து கரையேற்றிய படகோட்டிகளும் கூலிகளும் அதன் குளிர்மையைத் தோளில் மட்டுமே அறிந்திருப்பர். இயந்திரப் பனிக்கட்டி வந்தபின் அவ்வணிகம் மறைந்தது. அதன் சமுதாய வடிவம் மறையவில்லை. 1902இல் வில்லிஸ் கரியர் புரூக்ளின் நகரில் அமைத்த முதலாவது நவீன குளிரூட்டல் முறைமை அச்சுக்கூடம் ஒன்றிற்கானது. ஈரக்காற்றில் கடதாசி விரிந்து வண்ணங்கள் பிசகுவதைத் தடுப்பதே அதன் நோக்கமாக இருந்தது. குளிர் வேண்டப்பட்டது கடதாசிக்கு. அச்சுத் தொழிலாளியின் வியர்வைக்கன்று.

இம்முறை வேறொரு சமுதாய அமைப்பில் வேறொரு பொருள் பெற்றது. 1920இல் வகுக்கப்பட்ட சோவியத் மின்மயத் திட்டத்தைத் தொடர்ந்து, 1924 நவம்பரில் லெனின்கிராட் மின் நிலையமொன்றிலிருந்து வீணாகும் வெப்பம் அண்டை வீடொன்றுக்குக் குழாய்வழி அனுப்பப்பட்டது. மின்சாரமும் வெப்பமும் ஒரே நிலையத்தின் இரட்டைப் பிள்ளைகள் என்ற எண்ணம் அங்குத் திட்டமிடுதலின் அடிப்படை விதியாயிற்று. மின் நிலையமும் வீடும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டமையாலேயே இது கைகூடியது. ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆய்வு நேர்மையாகாது. அவ்வீடுகளிற் பலவற்றில் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ திருகி இல்லை, அளக்கும் மானி இல்லை. அறை மிகச் சூடானபோது மக்கள் கடும் மாரியிலும் சாளரத்தைத் திறந்துவிட்டனர். உடைமை பொதுவாயினும் கணக்குக் குடியிருப்பவன் கைக்கு வராதவிடத்து வீண்விரயம் வேறு வடிவில் தொடரும். இவ்விடயத்தில் டென்மார்க்கு மேலும் கற்பிக்கின்றது. எண்ணெய் நெருக்கடியின் பின் 1979இல் அந்நாடு இயற்றிய வெப்ப வழங்கல் சட்டம், வெப்பத்தைத் திட்டமிடும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. இன்று அந்நாட்டின் வீடுகளில் அரைவாசிக்கு மேற்பட்டவை குழாய்வழி வெப்பம் பெறுகின்றன.

4

இனிச் சான்றிதழுக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றம் 1993இல் தோன்றியது. ‘லீட்’ என வழங்கும் அதன் தர நிர்ணய முறை 1998இல் முதன்முதலாக வெளிவந்தது. இலங்கை இதனை விரைவிலேயே எதிர்கொண்டது. ஜெப்ரி பாவா வடிவமைத்த கண்டலம விடுதி இச்சான்றைப் பெற்றது. 2008இல் துல்கிரியவில் திறக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலை அம்முறையின் அதியுயர் தரத்தை எய்தியது. பின்னர் இலங்கைப் பசுமைக் கட்டட மன்றமும் உள்நாட்டுக்கென ஒரு முறையை வகுத்துக் கொண்டது. இவற்றுள் துல்கிரியத் தொழிற்சாலை தனியே நோக்கத்தக்கது. இங்கிலாந்துச் சந்தையில் ‘பசுமை’ ஆடை விற்க வேண்டிய தேவையும், தைக்கும் பெண்களின் உடலிற் புழுக்கம் குறைந்தால் உற்பத்தி கூடும் என்ற கணக்கும் அங்கே சந்தித்தன. குளிர்ச்சி தொழிலாளிக்குக் கிட்டியது உண்மை. அதனை மறுப்பது நமது நோக்கமன்று.

லீட் முறையின் சக்திக் கணக்கு நெடுங்காலம் பணத்தில் எழுதப்பட்டு வந்தது. கட்டடத்தின் சுவர், சாளரம், விளக்கு, குளிரூட்டி, உள்ளிருக்கும் மனிதர், வெளியே அடிக்கும் வெயில் யாவும் மணிக்கு மணி, ஓராண்டின் 8,760 மணிக்கும் கணினியிற் கணிக்கப்படும். இறுதியில் ஒப்பிடப்படுவது ஆண்டுச் சக்திச் செலவின் பண மதிப்பாகும். வெப்பம் என்ற பௌதிகப் பொருள் இவ்வாறு விலை என்ற சமுதாய வடிவத்துள் கரைந்து போகின்றது. பயன்பெறுமதி பரிவர்த்தனைப் பெறுமதியுள் மறையும் விதத்தை விளக்க இதைவிடத் துலக்கமான எடுத்துக்காட்டு அரிது.

குளிர்நீர் வெளியிலுள்ள மைய நிலையத்திலிருந்து வருமாயின் இக்கணக்கு இடர்ப்பட்டது. கட்டடத்துள் குளிரூட்டும் இயந்திரமே இல்லை. பின் எதனை அளப்பது? இதற்கென மன்றம் 2008இலும் 2010இலும் தனி வழிகாட்டிகளை வெளியிட நேர்ந்தது. அவை காட்டிய வழிகள் இரண்டு. முதலாவது, குளிர்நீரை விலைக்கு வாங்கிய பண்டமாகக் கொள்வது. ஒப்பீட்டுக் கட்டடமும் அதே குளிர்நீரை அதே விலைக்கு வாங்குவதாகப் பாவிக்கப்படும். எனவே நிலையம் திறமையாக இயங்குவதோ வீணடிப்பதோ கணக்கைப் பாதிக்காது. மற்றையது, தொலைவிலுள்ள நிலையத்தையே கட்டடத்தினுள் இருப்பது போலக் கற்பனையில் அமைத்து, அதன் உண்மையான திறனையும் குழாய்வழி இழப்பையும் சேர்த்துக் கணிப்பது. அளவீடு இல்லாதவிடத்துக் குளிர்நீருக்கு நூற்றுக்கு 5, சுடுநீருக்கு நூற்றுக்கு 10 என இழப்பைக் கொள்ளலாம் என்றும் விதிக்கப்பட்டது.

நமது ஆய்வுக்கு இது மிக முக்கியமான இடம். முதலாவது வழியில் கணக்கின் எல்லை கட்டடத்தின் சுவர். இரண்டாவது வழியில் எல்லை சுவரைத் தாண்டித் தெருவின் கீழே குழாய்வழி ஓடி, நிலையத்தின் புகைபோக்கி வரை செல்கின்றது. அதாவது, எல்லை இயற்கையால் இடப்பட்டதன்று என்பதை மன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. நிலையம் திறமையானதாயின் இரண்டாவது வழியைத் தெரிந்து புள்ளி பெறலாம். அல்லாவிடின் முதலாவது வழிக்குள் ஒதுங்கிக் கொள்ளலாம். எல்லையை நகர்த்த முடியும் எனில், ஏன் குளிர்நீர்க் குழாயோடு நிறுத்த வேண்டும்? மின்கம்பியின் வழியே ஏன் செல்லலாகாது? கொழும்பின் குளிரூட்டி எதனைக் கொண்டு இயங்குகின்றதோ அம்மின்சாரத்தின் வெப்பம் எங்கே கொட்டப்படுகின்றது என்பதனையும் ஏன் அதே மாதிரியில் எழுதலாகாது? அண்மைக் காலத்தில் லீட் முறை கரியமில வாயுவையும் ஓர் அளவுகோலாகச் சேர்த்திருப்பது முன்னேற்றமே. ஆயினும் கரியமில வாயு உலகம் முழுவதற்கும் பொதுவானது. ஒரு குறித்த கரையின் நீரும் காற்றும் அந்த எண்ணுள் தெரிவதில்லை.

5

நுரைச்சோலைக்குச் செல்வோம். நிலக்கரி அனல் மின் நிலையத்துக்கு முதலிற் பேசப்பட்ட இடம் திருகோணமலை. பின்னர் தென்கரையின் மாவெல்ல. இறுதியில் நுரைச்சோலை தெரிவாயிற்று. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் அயலில் இது அமைவதைக் கத்தோலிக்கத் திருச்சபையும், நிலத்தையும் கடலையும் நம்பி வாழ்ந்தோரும் பல்லாண்டு எதிர்த்தனர். 2006இல் சீனக் கடனுதவியுடன் வேலைகள் தொடங்கின. முதல் அலகு 2011 மார்ச்சில் இயங்கத் தொடங்கியது. மூன்று அலகுகளுடன் 900 மெகாவாற்று நிலையமாக 2014இல் நிறைவெய்தியது. ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரி கடல்வழி வருகின்றது. ஆழ்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து பார்ஜ்களில் அது கரை சேர்க்கப்படுகின்றது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் இறக்க முடியாமையால், அவ்வளவு காலத்துக்கும் வேண்டிய நிலக்கரி திறந்தவெளியில் மலைபோற் குவிக்கப்படுகின்றது.

இப்போது கணக்கைச் செய்து பார்ப்போம். இத்தகைய நிலையத்தின் திறன் நூற்றுக்கு 36 அளவில் எனக் கொண்டால், 900 மெகாவாற்று மின்சாரம் பெறக் கொதிகலனில் 2,500 மெகாவாற்று வெப்பம் ஆக்கப்பட வேண்டும். எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி புகைபோக்கியாற் போகும். பெரும்பகுதி, ஏறத்தாழ 1,200 மெகாவாற்று, சுழலியைச் சுழற்றி ஓய்ந்த நீராவியை மீண்டும் நீராக ஒடுக்கும்போது கடல்நீருக்குக் கைமாறுகின்றது. கடல்நீர் ஏழு பாகையால் சூடேறுவதாக வைத்துக் கொண்டால், மூன்று அலகும் முழுவலுவில் இயங்கும் ஒவ்வொரு விநாடியும் 40 தொன்னுக்கு மேற்பட்ட நீர் உள்ளிழுக்கப்பட்டுச் சூடாகி வெளியேற வேண்டும். நாட்டுக்கு மின்சாரமாகக் கிடைப்பதைவிடக் கடலுக்கு வெப்பமாகப் போவது அதிகம்.

இவ்வெப்பமே கற்பிட்டியின் பவளப் பாறைகளைக் கொன்றது எனக் கூறிவிடுதல் எளிது. ஆனால் அது தவறு. 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அப்பாறைத்தொடர் 1998இலேயே, அனல் நிலையம் தோன்றுமுன்னரே, கடல்வெப்ப ஏற்றத்தால் வெளிறிப் பெரும் அழிவுக்குள்ளாயிற்று. உலகின் புகைபோக்கிகள் யாவும் சேர்ந்து செய்த வினை அது. நுரைச்சோலை அவ்வணியிற் பிந்திச் சேர்ந்த ஒன்று. வாய்க்கால் வாயிலின் சூடு சூழவுள்ள மீனினத்தை எவ்வாறு பாதிக்கின்றது என்பது தொடர்ந்து அளந்து வெளியிடப்பட வேண்டிய விடயம். நிலக்கரித் தூசியும் சாம்பலும் காற்றில் வந்து தோட்டங்களிலும் கூரைகளிலும் படிவதாக அயற்கிராம மக்கள் ஆண்டுதோறும் முறையிட்டு வந்துள்ளனர். வெங்காயமும் மிளகாயும் விளையும் மணற்பாங்கான நிலம் அது.

அம்மக்களுட் பலர் யாவர் என்பதனையும் நோக்குதல் வேண்டும். 1990 அக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் ஓலைக் குடிசைகளில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தனர். உலக வங்கிக் கடனுதவியுடன் வீடமைப்புத் திட்டம் வந்தது 2007இலேயே. தென்னோலைக் கிடுகின் கீழ் இருப்போருக்கு மழை பகை. தகரத்தின் கீழ் இருப்போருக்கு நண்பகல் பகை. வெக்கை, புழுக்கம், காங்கை எனப் பல சொற்களால் நமது மக்கள் வேறுபடுத்தி அறியும் வெப்பநிலைகளைக் கணினி மாதிரி ஒரே எண்ணால் அறியும். அதுவும் சான்றிதழ் கேட்கும் கட்டடத்தில் மட்டும். தகரக் கூரைக்கு எவரும் மாதிரி அமைத்ததில்லை.

இக்கணக்கில் நகைப்புக்கிடமான ஒரு முரண் உண்டு. நிலக்கரி எரிந்த சாம்பலைச் சீமெந்தோடு கலக்கலாம். நுரைச்சோலைச் சாம்பலின் ஒரு பகுதி அவ்வாறு கலவைச் சீமெந்தாகிக் கட்டடங்களுக்குச் செல்கின்றது. வீணாகும் பொருளை மீளப் பயன்படுத்தியதாகக் கருதி லீட் முறை அதற்கு மதிப்பளிக்கின்றது. எனவே நுரைச்சோலையின் சாம்பல் கொழும்புக் கட்டடத்தின் ஏட்டில் வரவாக நுழைகின்றது. அதே நிலக்கரியின் வெப்பமும், காற்றில் தப்பிய எஞ்சிய சாம்பலும் செலவாக நுழைவதில்லை. எல்லைக் கோடு சுவரன்று, வடிகட்டி. நன்மையை உள்ளே விட்டுத் தீமையை வெளியே நிறுத்துகின்றது.

இது தனித்த நிகழ்வன்று. 2017 ஏப்ரலில் கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து பலர் மாண்டபின், தலைநகரின் குப்பைக்குரிய இடமாகத் துரிதப்படுத்தப்பட்டதும் இதே கரைதான். சீமெந்துக்காகக் கல் அகழ்ந்த அருவக்காட்டுப் பள்ளங்களை அண்டியே அத்திட்டம் அமைந்தது. 2018இலும் 2019இலும் புத்தளத்து மக்கள் நூறு நாளுக்கும் மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தனர். கல் கொழும்புக்குப் போயிற்று, கட்டடமாயிற்று, கட்டடத்தின் கழிவு கல் எடுத்த குழியை நோக்கித் திரும்பிற்று. மண்ணின் சத்து நகரத்துக்குச் சென்று மீளாது போவதை லீபிக்கின் ஆய்வுகளின் துணையுடன் மூலதனத்தின் முதலாம் பாகத்திலே (1867) மார்க்ஸ் விளக்கினார். புத்தளத்தில் மீளவும் திரும்பி வருகின்றது. ஆயின் சத்தாக அன்று.

6

‘அப்படியாயின் நுரைச்சோலையின் வெப்பத்தைக் கொண்டே கொழும்பைக் குளிரூட்டலாமே’ என ஒருவர் வினவலாம். வெப்பத்தைக் கொண்டு குளிரை ஆக்கும் இயந்திரத்தைப் பிரான்சின் பெர்டினன்ட் கரே 1859இலேயே இயற்றிவிட்டார் என்பதும் உண்மை. ஆனால் பௌதிகம் ஆசைகளுக்கு வளைவதில்லை. கடலுக்குப் போகும் நீர் வெதுவெதுப்பானது மட்டுமே. குளிராக்கும் இயந்திரத்துக்குக் கொதிநிலையை அண்மிய அல்லது அதனைக் கடந்த சூடு வேண்டும். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவுக்குக் குளிர்நீரைக் குழாயில் அனுப்புவதும் பொருந்தாது. வட்டாரக் குளிரூட்டல் பெயருக்கேற்ப வட்டாரத்துக்கு உரியது. ஆகவே வினாவைத் திருப்பிக் கேட்க வேண்டும். அவ்வட்டாரத்துக்குக் குளிர் தேவையில்லையா?

கற்பிட்டியின் மீனவனுக்கு நாள்தோறும் ஐஸ் வேண்டும். ஐஸ் இன்றேல் மீனின் விலையைக் கரையில் நிற்கும் முதலாளியே நிர்ணயிப்பான். கையில் ஐஸ் உள்ளவன் ஒரு நாள், இரு நாள் பொறுத்திருந்து பேரம் பேசுவான். குடாநாட்டுக் காய்கறிச் செய்கையாளனின் நிலையும் அதுவே. விலை வீழ்ச்சியின்போது சேமித்து வைக்கக் குளிர்க்களஞ்சியம் இன்மையால் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் கிடைத்த விலைக்கு அனுப்புகின்றான். குளிர் என்பது இங்கு உடற்சுகம் அன்று. சந்தையில் உழைப்பாளியின் பேரம்பேசும் வலிமை. கொதிகலனின் 2,500 மெகாவாற்று வெப்பத்தில் ஆயிரத்திலொரு பங்கைச் சுழலியின் நடுவிலிருந்து நீராவியாகப் பிரித்தெடுத்து அமோனியா முறையிலான இயந்திரத்துக்கு ஊட்டினால், இழப்புகள் போக நாளொன்றுக்கு 150 தொன் அளவில் ஐஸ் ஆக்கலாம் எனக் கணக்குக் காட்டுகின்றது. மின் உற்பத்தியிற் குறைவது மிகச் சொற்பம். இது புதுமையான தொழில்நுட்பம் அன்று. டென்மார்க்கின் உள்ளூராட்சி மன்றமொன்றின் முன் வைத்தால் இதனை வியப்பின்றி ஏற்றுக்கொண்டு குழாய் எங்கே போடுவது என்று கேட்பர்.

இத்தகைய ஏற்பாடு திட்டத்தின் வரைபடத்தில் இடம் பெறாமை தொழில்நுட்பக் குறையால் அன்று. கடன் கொடுத்தோருக்கு நிலையத்தின் பயன் மெகாவாற்று. மின்சார சபைக்கு அது அலகு. கொழும்புக்கு அது குளிர்காற்று. கரையோரத்துக்கு அது என்ன என்ற வினா கேட்கப்படும் சபை எதுவும் அமைக்கப்படவில்லை. நிலக்கரியின் காலம் முடியும் எனவும், கற்பிட்டிக் காற்றும் வெயிலும் இனிமேல் மின்சாரம் தரும் எனவும் கூறப்படுகின்றது. இக்குடாநாட்டிற் காற்றாலைகள் ஏற்கெனவே சுழல்கின்றன. அவற்றின் மின்சாரம் கொழும்புக் கட்டடத்தின் மாதிரியில் மேலும் பசுமையான எண்ணாக எழுதப்படும். கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய உல்லாசப் பயணத் திட்டத்தின் விடுதிகளும் ஒருநாள் பசுமைச் சான்று கேட்கும். வாடி அமைத்துப் பருவந்தோறும் மீன்பிடித்தோர் அத்தீவுகளில் எவ்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்படுவர் என்பதை அச்சான்றின் படிவத்தில் நிரப்ப இதுவரை ஒரு கட்டம் இல்லை.

நுரைச்சோலையிலிருந்து உயரழுத்த மின்கம்பிகள் வெயாங்கொடையை நோக்கித் தென்கிழக்காகச் செல்கின்றன. அவற்றின் கீழே பாலாவிச் சந்தி வழியாக ஐஸ் ஏற்றிய லொறிகள் கற்பிட்டியை நோக்கி எதிர்த்திசையில் வருகின்றன. மரத்தூளும் சாக்கும் போர்த்திய அக்கட்டிகளிலிருந்து வழிநெடுக நீர் சொட்டுகின்றது.